சம்மர் சேவரி: கோலாலம்பூர் (கே.எல்.) பால்கனியில் வளர்ப்பதும் நம் சமையலில் சேர்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது சேவரி நாற்று கொடுத்தால் போதும், கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், கூடவே ஒரு கேள்வியும் வரும். கேட்கும் ஆள்தான் மாறுகிறாரே தவிர கேள்வி பெரும்பாலும் அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் செடி வாடிக்கொண்டிருப்பவர்கள் தண்ணீர் பற்றிய பதிலை முதலில் பாருங்கள்.

அக்கா, இது என்ன செடி? புதினா மாதிரியும் இல்ல, துளசி மாதிரியும் இல்ல.

குடும்பம் அதேதான். புதினா, துளசி, கற்பூரவல்லி எல்லாம் இருக்கும் குடும்பத்தில் இதுவும் ஒன்று. தாவரப் பெயர் சதுரேயா ஹார்ட்டென்சிஸ். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, 30 முதல் 45 செ.மீ. உயரம் வரும், மெல்லிய தண்டு, ஒல்லியான சின்ன இலை. பூ வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சிறியது.

இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓம வாசம் வரும், பின்னாலேயே மிளகு வாசமும் வரும். பச்சையாக மென்றால் நாக்கு லேசாகச் சுரீரென்று எரியும். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை விட்டு முடிந்துவிடும் செடி இது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே இருக்கும் பாதிக் கேள்விகள் வராது.

கற்பூரவல்லி வீட்டுல காடு மாதிரி கெடக்கு. அப்புறம் இது எதுக்கு?

நியாயமான கேள்வி. கார்வக்ரால் என்ற வாசனைப் பொருள் இரண்டிலும் உண்டு, அதனால்தான் முகர்ந்தவுடன் கற்பூரவல்லி ஞாபகம் வருகிறது. ஓமத்தில் இருப்பது தைமால், அது கார்வக்ராலுக்கு மிக நெருங்கிய உறவு. ஒரே அணுக்கள்தான், அமைப்பில் மட்டும் சின்ன வித்தியாசம். ஆக, இந்த வாசம் நம் வீட்டுக்குப் புதிதே அல்ல.

வித்தியாசம் சமைக்கும்போது தெரியும். கற்பூரவல்லி இலை தடிமன், நீர்ச்சத்து அதிகம், இரண்டு இலை கூடிவிட்டால் சாப்பாடு இருமல் கஷாயம் ஆகிவிடும். சேவரி இலை மெல்லியது, காரம் உலர்ந்த காரம், பயறிலும் உருளைக்கிழங்கிலும் கலந்து மறைந்துவிடும். கஷாயத்துக்கும் பஜ்ஜிக்கும் மட்டும்தான் இலை வேண்டுமென்றால் உங்களுக்குக் கற்பூரவல்லியே போதும், இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கே.எல். வெயில்ல இது பொழைக்குமா? குளிர் தேசத்துச் செடியாச்சே.

பிழைக்கும், ஆனால் நீண்ட நாள் இருக்காது. ஐரோப்பாவில் இதற்குக் கிடைப்பது நீண்ட பகல், குளிர்ந்த இரவு, காய்ந்த காற்று. இங்கே வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், மதியம் 32, 33 டிகிரி, இரவிலும் 24 டிகிரி பக்கம்தான், ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தச் சூட்டில் செடி அவசரப்படும். தண்டு நீண்டுகொண்டே போகும், இலை குறையும், சீக்கிரம் பூத்துவிடும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். இதை ரோஜாச்செடி மாதிரி வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தண்டுக்கீரை மாதிரி நடத்துங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன தொட்டியில் கொஞ்சம் விதையுங்கள், வளர்ந்ததை வெட்டிச் சாப்பிடுங்கள், செடி ஓய்ந்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போங்கள். செடி செத்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் அது தன் காலம் முடிந்து போன செடிதான்.

கேமரன் மலையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் விதை கொடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் கிடைப்பதால் அங்கே இது நிதானமாக, அடர்த்தியாக வளரும். பொறாமையாகத்தான் இருக்கும்.

விதை எங்க வாங்குறது? ஆன்லைன்ல போட்டா வெளிநாட்டுல இருந்து வருதுன்னு காட்டுது.

வெளிநாட்டிலிருந்து நேராக விதை தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும். தாவரத் தனிமைப்படுத்தல், சோதனை விதிகளின் கீழ் வரும் விஷயம் இது, அதற்கென்று 2011-ல் வந்த சட்டமே இருக்கிறது. பொட்டலம் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம், தபாலிலேயே பிடித்து வைத்துவிடலாம். மலேசியாவுக்குள்ளேயே விற்பவர்களிடம் வாங்குவதுதான் தொல்லையில்லாத வழி.

பொட்டலத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தேதி. சேவரி விதை சீக்கிரம் வீரியம் இழக்கும், பழைய விதை பாதிகூட முளைக்காது. இன்னொன்று, ஹார்ட்டென்சிஸ் என்று போட்டிருக்கிறதா என்பது. மொந்தானா என்று இருந்தால் அது வின்டர் சேவரி, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் தைம், ரோஸ்மேரி நாற்றுகள் கிடைக்கும், சேவரி நாற்று கண்ணில் படுவது குறைவு. அங்கே போனால் தொட்டியும் மண்ணும் வாங்கி வாருங்கள், அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

விதை போட்டு பத்து நாளாச்சு, ஒண்ணையும் காணோம். நல்லா ஆழமா புதைச்சுதான் போட்டேன்.

ஆழமாகப் புதைத்ததுதான் பிரச்சினை. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் அளவுக்குப் பொடி விதை, ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர அதற்குத் தெம்பும் கிடையாது. ஈரமான மண்ணின் மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மூடவே வேண்டாம்.

குவளையால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும், ஸ்ப்ரே பாட்டிலால் தெளியுங்கள். அல்லது அடியில் ஓட்டை போட்ட டப்பாவை ஒரு தட்டு நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். 18 முதல் 21 டிகிரிதான் இது முளைக்க விரும்பும் சூடு. வீட்டில் ஏர்கான் போடும் அறை இருந்தால் டப்பாவை அங்கே ஜன்னலோரம் வையுங்கள். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள்.

முளைச்சு அழகா நின்னுச்சு, மறுநாள் காலையில எல்லாம் படுத்துடுச்சு! எலி கடிச்சிருக்குமா?

எலி இல்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள், நூல் மாதிரி சுருங்கி, தண்ணீர் கோத்து, பழுப்பாக இருக்கும். நாற்றழுகல் நோய் அது, ஈரத்தில் வரும் பூஞ்சைதான் காரணம். விழுந்தது எழுந்திருக்காது, எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை விதையைக் கொஞ்சமாகத் தூவுங்கள், புது மண்ணைப் பயன்படுத்துங்கள், முளை வந்ததும் டப்பாவின் மூடியைக் கழற்றிவிடுங்கள். காற்று ஓடட்டும். நெருக்கமாக முளைத்துவிட்டால் பிடுங்காதீர்கள், பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வந்துவிடும், சின்னக் கத்தரிக்கோலால் அடியோடு கத்தரித்துவிடுங்கள். கத்தரித்ததை வீசவும் வேண்டாம், ஆம்லெட்டில் போடலாம்.

என்ன மண்ணு? கடையில வாங்குன தானா ஹித்தாம் மட்டும் போட்டா போதுமா?

போதாது. மூட்டையில் வரும் கறுப்பு மண் மழைக்காலத்தில் களி மாதிரி இறுகிவிடும், சேவரி வேருக்கு அது பிடிக்காது. இரண்டு பங்கு கறுப்பு மண்ணுக்கு ஒரு பங்கு செகாம் பாக்கார், ஒரு பங்கு பருமணல் கலந்துகொள்ளுங்கள். செகாம் பாக்கார் என்றால் கருக்கிய நெல் உமி, எந்த நர்சரியிலும் மலிவாகக் கிடைக்கும். தென்னை நார்த்தூள் போடுவதென்றால் ஒரு கைப்பிடி மட்டும், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதோ தண்ணீர் இறங்கிப் போவது.

நம் ஊர் மண் பொதுவாகப் புளிப்பு. ஒரு தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு கலந்தால் செடிக்கு இதமாக இருக்கும். தொட்டி 20 செ.மீ. அகலம் போதும், அதில் மூன்று நான்கு செடிக்கு மேல் விடாதீர்கள்.

காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி தண்ணி ஊத்துறேன், ஆனாலும் இலை மஞ்சளாகுது. உரம் போடணுமா?

உரம் வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரமாகப் பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் அடியில் வழியும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள், அப்புறம் மறுபடி காயும் வரை தொடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவது பாசம் மாதிரி தெரியும், வேருக்கு மூச்சு முட்டும்.

உரம் என்றால் நாற்று 10 செ.மீ. ஆனதும் ஒரு பிடி மக்கிய உரம், அவ்வளவே. யூரியா மாதிரி நைட்ரஜன் அதிகமானதைப் போட்டால் இலை பெரிதாக, பச்சையாக, பார்க்க ஜோராக வரும், கசக்கினால் வாசமே இருக்காது. வாசத்துக்காக வளர்க்கும் செடியைக் கொஞ்சம் பட்டினி போடுவதில் தப்பில்லை.

எங்க பால்கனி மேற்குப் பக்கம். மத்தியானம் அனல், நாலு மணிக்கு மழை. எங்க வெக்கிறது?

கிழக்கு வெயில்தான் இதற்கு உத்தமம், காலை ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் அருமை. மேற்குப் பால்கனிக்காரர்கள் நர்சரியில் கிடைக்கும் 50 சதவீத நிழல் வலையை மதிய வெயிலுக்கு மட்டும் கட்டிவிடுங்கள். தொட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மேற்குச் சுவர் ராத்திரி வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

வெயிலைவிட மழைதான் மோசம். சாயங்கால இடிமழை நேராக அடித்தால் மெல்லிய தண்டு மண்ணில் சாயும், சேறு தெறித்த இலை அழுகும். கூரைக்கு உள்ளே ஒரு அடி தள்ளி வையுங்கள். ஏப்ரல், நவம்பர் மாதங்களில் மழை அதிகம் என்பதால் அப்போது விதைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலை எங்களுக்கு நன்றாக வரும். உயரமான மாடியில் காற்று பலமாக அடித்தால் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

தட்டு வெக்காட்டி கீழ் வீட்டம்மா சண்டைக்கு வர்றாங்க, தட்டு வெச்சா ஏடிஸ் கொசு. என்னதான் செய்யிறது?

இரண்டு பேருக்கும் பயப்பட வேண்டியதுதான்! முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், சுகாதாரத் துறையினர் வந்து பார்க்கும்போது தொட்டித் தட்டில் புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் வரை காம்பவுண்ட் அபராதம் கட்ட வேண்டிவரும்.

தட்டில் பருமணலை விளிம்பு வரை நிரப்பி, அதன் மேல் தொட்டியை வையுங்கள். வழியும் நீர் மணலுக்குள் போய்விடும், மேலே தேங்காது. தண்ணீர் பற்றிய பதிலில் சொன்ன மாதிரி மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றினால் வழிவதே குறைவாகத்தான் இருக்கும். எப்படி இருந்தாலும் வாரம் ஒருமுறை தட்டை எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

இலைக்கு அடியில சின்ன சின்னதா பச்சைப் பூச்சி. மருந்து அடிக்கலாமா?

அசுவினி. சாப்பிடும் இலைக்கு மருந்து வேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள், மறுநாள் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். நுனி முழுக்க மொய்த்திருந்தால் அந்த நுனியை வெட்டிக் குப்பையில் போடுவது எல்லாவற்றையும்விட சுலபம்.

ஜெரெபு நேரத்துல இந்த இலையைச் சாப்பிடலாமா?

நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடலாம். புகைமூட்ட நாட்களில் வெயில் குறைவதால் செடி மெதுவாக வளரும், அப்போது தண்ணீரையும் குறையுங்கள்.

எப்ப இருந்து வெட்டலாம்? எனக்குப் பூவே வந்துடுச்சு, போச்சா?

செடி 15 செ.மீ. உயரம் வந்ததும் ஆரம்பிக்கலாம். நுனியை ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள், அந்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். நம் ஊரில் இந்த நுனி வெட்டு ரொம்ப முக்கியம், வெட்டாமல் விட்டால் தண்டு நீண்டு பூவுக்குப் போய்விடும்.

மொட்டு கட்டும் நேரத்தில்தான் வாசம் உச்சம். பூ வந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பூவையும் சேர்த்தே சமைக்கலாம், ஆனால் இனிமேல் புது இலை குறையும், தண்டு முரடாகும். அப்போது முழுச் செடியையும் அடியோடு வெட்டிக் காயவைத்துவிடுங்கள்.

கட்டு கட்டி நிழல்ல தொங்க விட்டேன், பூசணம் பிடிச்சிருச்சு.

பிடிக்கத்தான் செய்யும். கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது காய்ந்த காற்று உள்ள ஊருக்குச் சரி. இங்கே கொத்தின் நடுவில் ஈரம் தங்கிவிடும். கழுவி, துணியில் ஒற்றி, ஒரு தட்டில் டிஷ்யூ விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜ் காற்று காய்ந்த காற்று, சில நாளில் இலை மொறுமொறுவென்று ஆகிவிடும், நிறமும் போகாது. அவசரமென்றால் ஓவன் அடுப்பை 40 டிகிரியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டுக் காயவைக்கலாம்.

விரலில் நொறுங்கினால்தான் காய்ந்ததாக அர்த்தம், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இலையை உருவி, கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டில் வையுங்கள். துளசி, கொத்தமல்லி மாதிரி காய்ந்ததும் சப்பென்று ஆகாது சேவரி, வாசம் நன்றாகவே நிற்கும். சமையலில் பச்சை இலை மூன்று பங்கு கேட்டால் காய்ந்தது ஒரு பங்கு.

சரிக்கா, வளர்த்தாச்சு. நம்ம சமையல்ல எதுல போடுறது? ஸ்டூ எல்லாம் எனக்கு வராது.

பயறு, பீன்ஸ், பருப்பு. இதை முதலில் முயற்சி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஜெர்மனியில் இதைப் பீன்ஸ் மூலிகை என்றே அழைக்கிறார்கள், பீன்ஸோடு அந்த அளவுக்குப் பொருந்தும். பசாரில் காச்சாங் பாஞ்சாங் என்று கட்டாக விற்கிறார்களே, அந்த நீளப் பயத்தங்காயில் செய்து பாருங்கள். 300 கிராம் காயை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, ஆறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் வதக்கி, காயையும் உப்பையும் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்து மூடுங்கள். ஆறேழு நிமிடத்தில் காய் வெந்தும் கடிபடும் பதத்தில் இருக்கும். மூடியைத் திறந்து, பொடியாக நறுக்கிய பச்சை சேவரி ஒரு மேசைக்கரண்டி தூவி, தீயைக் கூட்டி இரண்டு நிமிடம் புரட்டி இறக்கிவிடுங்கள். பெருங்காயம் வேண்டாம். தேங்காய் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு பிடி, அதற்கு மேல் போட்டால் தேங்காய்தான் பேசும்.

கொண்டைக்கடலைச் சுண்டலில் மாங்காய்க்குப் பதில் எலுமிச்சையும் சேவரியும் போட்டால் வேறு சுண்டல் ஆகிவிடுகிறது. தால்ச்சாவுக்குப் பருப்பு வேகும்போது அரைத் தேக்கரண்டி காய்ந்த இலை போடுங்கள், எலும்பு போட்ட தால்ச்சாவில் இன்னும் எடுப்பாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை வெண்ணெயில் புரட்டி மிளகும் சேவரியும் தூவினால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு டின் பீன்ஸ் திறக்கும் வீடு என்றால், வெங்காயமும் ஒரு சிலி பாடியும் (குட்டிக் கார மிளகாய்) வதக்கி, ஒரு சிட்டிகை காய்ந்த சேவரி போட்டு, அதன் மேல் டின்னைக் கொட்டிச் சூடாக்குங்கள். அந்த டின் இனிப்பு அடங்கிவிடும்.

ஒரு பொது விதி: காய்ந்த இலை ஆரம்பத்திலேயே, பச்சை இலை கடைசியில். முரட்டுத் தண்டை வீச வேண்டாம், நூலால் கட்டிப் பருப்போடு வேகவிட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடலாம்.

கறிவேப்பிலை, சீரகம், மல்லி எல்லாத்தோடயும் சேருமா?

பூண்டு, மிளகு, வெங்காயம், எலுமிச்சை, காய்ந்த மிளகாய் நன்றாகச் சேரும். சீரகம் கொஞ்சமாகப் போட்டால் சரி. கறிவேப்பிலையும் சேவரியும் ஒரே சட்டியில் எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டும் முன்னால் நிற்கப் பார்க்கும். கரம் மசாலா, மீன் கறி மசாலா போட்ட கறியில் சேவரி போடுவது வீண்செலவு, இருந்ததே தெரியாது. ரசத்தில் போட்டுப் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னார், புளியோடு எனக்கு ஒத்துவரவில்லை, உங்கள் வீடு, உங்கள் ரசம்.

வெளிநாட்டுல இதை வெச்சு என்னதான் செய்வாங்க?

பல்கேரியாவில் சுப்ரித்சா என்று பெயர், காய்ந்த சேவரியை உப்பு, மிளகாய்த்தூள் வகையான பாப்ரிகா, வெந்தயம் எல்லாம் சேர்த்துப் பொடித்து சாரெனா சோல் என்ற கலவை செய்வார்கள், ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட. நம் வீட்டு இட்லிப் பொடிக்கு எப்படி மேசையில் ஓர் இடம் உண்டோ அப்படி. அவர்கள் வெந்தயம் வேறு வகை, நம் வெந்தயத்தை லேசாக வறுத்துக் குறைவாகப் போட்டாலும் நன்றாக வருகிறது. வெள்ளரிக்காயில் தூவிப் பாருங்கள்.

கனடாவின் கிழக்குக் கரையில் அக்காடிய மக்கள் ஃபிரிக்கோ என்று கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள், அதன் வாசமே சேவரிதான். நியூஃபவுண்ட்லாந்தில் கோழிக்குள் அடைக்கும் ரொட்டித்தூளில் போடுவார்கள். பிரான்சின் புரோவென்ஸ் மூலிகைக் கலவையிலும் ஜார்ஜிய நாட்டின் க்மெலி சுனேலி மசாலாவிலும் இது உண்டு. ஸ்டூ வராது என்றவர்களுக்கு: ஃபிரிக்கோ என்பது மசாலா இல்லாத கோழிச் சாறுதான், நோயாளிக்கு வைப்போமே அது மாதிரி, பயப்பட ஒன்றுமில்லை.

செய்முறையில சேவரி கேக்குது, கையில இல்ல. எதைப் போடலாம்?

தைம் இருந்தால் அதே அளவு தைமும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும். தைமும் இல்லையென்றால் கற்பூரவல்லியில் ஒரே ஒரு இலை, பொடியாக நறுக்கி. ஏன் ஒன்றே ஒன்று என்பதை இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன். ஓமம் போடுவதானால் கால் தேக்கரண்டிக்கும் கீழே, கையால் நசுக்கி.

வின்டர் சேவரி வாங்கிட்டேன், ரெண்டும் ஒண்ணுதானே?

உறவுதான், ஒன்றல்ல. வின்டர் சேவரி பல வருஷம் இருக்கும் குட்டைப் புதர், தண்டு மரமாகும், இலை விறைப்பு, காரமும் பிசின் வாசமும் தூக்கல். சமையலில் அளவைக் குறைத்து, அதிக நேரம் வேகவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓராண்டுச் செடி இல்லை என்பதால் இங்கே நட்டு விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள், ஆனால் ஈர மண் அதற்கு இன்னும் ஆகாது. மேலே சொன்ன மண் கலவையில் மணலை இன்னும் ஒரு பங்கு கூட்டி, மழை துளிகூடப் படாத இடத்தில் வையுங்கள்.

இது போட்டா கேஸ் வராதாமே? ராஜ்மாவுக்கு ஊற வெக்கவே வேணாமா?

கட்டாயம் ஊற வைக்க வேண்டும். பயறில் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன, பெருங்குடலில் கிருமிகள் அவற்றைத் தின்னும்போது காற்று உண்டாகிறது. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பகுதி போய்விடும். சேவரி வயிற்றுக்கு இதம் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை, நாம் பெருங்காயம், ஓமம் போடுவது போலத்தான். வாசத்துக்காகப் போடுங்கள், இதமாக இருந்தால் லாபம்.

சிவப்பு ராஜ்மாவில் இன்னொரு விஷயம் உண்டு, அதை எந்த மூலிகையும் சரிசெய்யாது. வேகாத ராஜ்மாவில் இருக்கும் ஒரு லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தபட்சம் 10 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும், அப்புறம்தான் சிறு தீ. ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டு மறந்துவிடும் பழக்கம் ராஜ்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆலிவ் எண்ணெயில பச்சை இலையும் பூண்டும் போட்டு பாட்டில்ல வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்?

அலமாரியில் வைப்பதென்றால் ஒரு நாளுக்குக்கூட வேண்டாம். பச்சை இலையிலும் பூண்டிலும் ஈரம் இருக்கிறது, எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, இந்த ஊர்ச் சூட்டில் போட்டுலிசம் எனும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கெட்டுப்போன வாசமும் வராது, பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அழகுக்காகச் செய்யும் பாட்டில்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். நிறைய இருந்தால் இலையை நறுக்கி, ஐஸ் கட்டித் தட்டில் எண்ணெயோடு உறைய வைத்து, சமைக்கும்போது ஒரு கட்டியை நேராகச் சட்டியில் போடுங்கள். பாட்டில்தான் வேண்டுமென்றால் வினிகரில் போடுங்கள், அதன் புளிப்பு அந்தக் கிருமியை வளர விடாது.

நான் மாசமா இருக்கேன், சாப்பிடலாமா?

பொரியலில் தூவும் அளவு சாப்பாடுதான். கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பதும், சேவரி எண்ணெய் என்று சின்ன புட்டியில் விற்பதை எடுப்பதும் வேறு விஷயம், அதை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அந்த எண்ணெய் நேராகத் தோலில் பட்டாலே எரியும்.

ஒவ்வொரு வாட்டியும் விதை வாங்கணுமா? நம்ம செடியிலேயே எடுக்க முடியாதா?

முடியும். ஒரு தொட்டியை மட்டும் வெட்டாமல் பூக்க விடுங்கள், தேனீ வரும் இடமாக இருந்தால் நல்லது. ஒரு பூவுக்கு நாலு விதைக்கு மேல் கிடைக்காது, எல்லாம் ஒரே நாளில் பழுக்கவும் செய்யாது, கீழே உள்ள பூக்கூடு பழுப்பாகும்போது மேலே இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். கீழ்ப்பாதி பழுப்பானதும் தண்டோடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டு ஏர்கான் அறையில் வையுங்கள். மழையில் நனைந்தால் விதை கூட்டிலேயே கறுத்துவிடும், அதனால் இந்தத் தொட்டி கூரைக்கு நன்றாக உள்ளே இருக்கட்டும்.

காய்ந்ததும் பையை உலுக்கினால் பழுப்பு நிறப் பொடி விதை அடியில் சேரும். சின்ன புட்டியில், மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே தேதி எழுதி ஒட்டி, ஒரு வருஷத்துக்குள் விதைத்துவிடுங்கள்.